ஜெயித்தால் கழற்றிவிடு!

கேள்வி: பிரிட்டனில் மண் தடத்தில் பைக் பந்தயம் விடும் ஸ்பீட்வே கிளப்கள், ஜெயித்த அணியையே அடுத்த சீசனுக்குக் கலைத்துவிடுகின்றனவாமே, ஏன்?

பதில்: பிரேக்கே இல்லாத 500 சிசி பைக் ஓட்டுகிறவர்களுக்கு லீக் போடும் பிரேக் அது! வீரர்களின் புள்ளிச் சராசரிகளைக் கூட்டினால் உச்சவரம்பைத் தாண்டக் கூடாது. எல்லாரும் வெளுத்துக்கட்டினால் கூட்டுத்தொகை எகிறும். அப்புறம் மானேஜர் கால்குலேட்டரும் கையுமாக உட்கார்ந்து, யாரைக் கழற்றிவிடலாம் என்று தட்டிப் பார்க்க வேண்டியதுதான். திறமைக்குத் தண்டனையா என்பீர்கள். வீரர் பக்கமிருந்து பார்த்தால் நியாயமான கேள்விதான். ஆனால் ஹீட் எனப்படும் ஒரு ஓட்டத்தில் 4 பேர், 4 சுற்று, ஏறக்குறைய ஒரு நிமிடம். பெரும்பாலும் முதல் வளைவிலேயே கதை தெரிந்துவிடும். அணிகளும் ஏற்றத்தாழ்வாக இருந்தால் டிக்கெட் வாங்க யார் வருவார்? பணக்கார கிளப் எல்லா நட்சத்திரங்களையும் வளைத்துப்போடவும் வழியில்லை. கழற்றிவிடப்பட்டவரும் சும்மா இருப்பாரா? எதிரணிக்குப் போய், பழைய கிளப்பின் மூஞ்சியிலேயே மண்ணை வாரி இறைப்பார்.