டிரைவர் லேது

எங்கள் வீட்டுப் பெருமாள் கார்த்திகை முழுக்கத் தாமதமாகத்தான் எழுந்தார். காரணம் நான்.

சித்தூரில் விடிகாலையில் எந்தத் தெருவில் நடந்தாலும் நாலு வீட்டிலாவது எம்.எஸ். குரல் கேட்கும். 1963-ல் பதிவான அதே சுப்ரபாதம்தான். எங்கள் வீட்டிலும் அப்பா வாங்கிய இசைத்தட்டு ஒன்று உண்டு. பிளேயர் மண்டையைப் போட்டு இருபது வருஷமாகிறது. ஐப்பசியில் சென்னையிலிருந்து வந்த என் மச்சினன் தட்டை எடுத்துப் போனான். கார்த்திகை பிறந்ததும் ஒரு பென் டிரைவும் சோப்புப்பெட்டி அளவில் ஒரு சாமானும் கூரியரில் வந்தன. "24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ். ஹை-ரெஸ், மாமா! அந்தப் பெட்டி வழியாத்தான் கேக்கணும்" என்றான் போனில்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அமுக்காமல் வைத்தால் நிமிஷத்துக்கு 69 எம்.பி. இருபது நிமிஷ ஸ்தோத்திரத்துக்கு ஒண்ணே கால் ஜி.பி. தாண்டிவிடும். சாதாரண சி.டி. 44.1 கிலோஹெர்ட்ஸ்தான்; மனிதக் காதுக்கு எட்டுகிற 20 கிலோஹெர்ட்ஸ் அதிலேயே அடங்கிவிடும். இந்த ஃபைலில் 96 வரை இடம் இருக்கிறது. எனக்கு 57 வயது. குக்கர் விசிலே மூன்றா நாலா என்று மனைவியைக் கேட்டுத்தான் அடுப்பை அணைக்கிறேன். மீதியெல்லாம் வவ்வாலுக்கு.

முதல் நாள் விடிகாலை, குளித்து, விளக்கேற்றி, பிளே பட்டனை அமுக்கினேன். திரையில் கோடு நகர்ந்தது. சத்தம் மட்டும் இல்லை. கம்ப்யூட்டர் கடைப் பையன் பத்து மணிக்கு வந்தான். பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "டிரைவர் லேதண்ணா" என்றான்.

"டிரைவர் இல்லாமலா இவ்வளவு நேரம் உக்காந்திருந்தோம்? திருப்பதி பஸ்ஸே ரெண்டு போயிருக்கும்" என்றாள் அம்மா.

என்னுடையது விண்டோஸ் 7. இந்த மாதிரி யு.எஸ்.பி. பெட்டிகளைத் தானாக அடையாளம் கண்டுகொள்ளும் புத்தி விண்டோஸ் 10-க்கே 2017-ல்தான் வந்தது. அதற்கு முந்தையதுகளுக்கு டிரைவரைத் தேடிப் பிடித்து உட்கார வைக்க வேண்டும். வைத்தான். பாட்டு வந்தது.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பையன் போகிறபோக்கில், விண்டோஸ் எல்லாச் சத்தத்தையும் ஒரே அளவுக்கு மாற்றித்தான் வெளியே விடும், உங்கள் 192 இங்கே 48 ஆகத்தான் வருகிறது என்றான். அப்புறம் எனக்குத் தூக்கம் வருமா? வழி இருந்தது. 'எக்ஸ்குளூசிவ் மோட்' என்று பெயர். வி.ஐ.பி. பிரேக் தரிசனம் மாதிரி: ஒருவர் உள்ளே போனால் மற்ற வரிசையெல்லாம் அப்படியே நிற்கும். எம்.எஸ். பாடுகிறவரை கம்ப்யூட்டரில் வேறு எதுவும் வாய் திறக்க முடியாது. என் மனைவி பார்க்கிற சமையல் வீடியோவில் அந்த அம்மாள் வாயை மட்டும் அசைத்தார். உப்பு எவ்வளவு என்று தெரியாமலே அன்றைய குழம்பு தயாரானது. அதைச் சாப்பிட்டதும் நான்தான்.

இவ்வளவுக்கும் பிறகுதான் அந்த 'டிக்' காதில் விழுந்தது. பாட்டுக்கு நடுவே, யாரோ சுண்ணாம்பு டப்பாவைச் சுண்டுகிற மாதிரி. பஃபர் போதவில்லை என்றான் பையன். பந்தியில் ஒரு வாளி சாம்பார் தீருமுன் அடுத்த வாளி வந்து நிற்க வேண்டுமல்லவா, அதுதான் பஃபர். வாளியைப் பெரிதாக்கினோம். டிக். வைஃபையை அணைத்தோம். டிக். ஒயரை மாற்றி, போர்ட்டை மாற்றி, கரண்ட் மிச்சம் பிடிக்கிற செட்டிங்கை எல்லாம் நீக்கிப் பார்த்தோம். டிக். மூன்று வாரம் ஓடிற்று. பையன் என் போனை எடுப்பதை நிறுத்திவிட்டான்.

ஒருநாள் அம்மா காபி டம்ளரோடு வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கேட்டாள். அப்புறம் தொடையில் தாளம் போட ஆரம்பித்தாள், பாட்டுக்கு அல்ல, டிக்குக்கு.

"ஒரே சீரா வருதேடா. கம்ப்யூட்டர் கெட்டா இப்படியா கெடும்?"

கடிகாரத்தை எடுத்தேன். பத்து டிக்குக்குச் சரியாக 18 வினாடி. எல்.பி. தட்டு நிமிஷத்துக்கு முப்பத்து மூன்றே கால் சொச்சம் சுற்று சுற்றும். ஒரு சுற்றுக்கு 1.8 வினாடி. கம்ப்யூட்டர் திக்கினால் கண்ட இடத்தில் திக்கும். கீறல்தான் சுற்றுக்கு ஒரு தரம் தவறாமல் வந்து ஆஜராகும்.

"தட்டுதான்டா அது. 76-ல நீ முள்ளைப் புடிச்சு இழுத்தியே, ஞாபகம் இல்ல? உங்கப்பா ரெண்டு நாள் உன்கூடப் பேசல."

ஒன்பது வயதில் நான் செய்த காரியம் 24 பிட்டில், ஒரு துளி சேதாரமில்லாமல் பதிவாகியிருக்கிறது. பையனை வீட்டுக்கே போய்ப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். "பர்வாலேதண்ணா" என்றான்.

மறுநாள் எந்தக் குறையும் இல்லாத மனதோடு நாலரைக்கே எழுந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். அம்மா வாசலில் கோலமாவோடு நின்றிருந்தாள்.

"இன்னிக்கு மார்கழி ஒண்ணு. மலையிலேயே சுப்ரபாதத்தை நிறுத்திட்டிருப்பாங்க."

வாஸ்தவம். மார்கழி முழுக்கத் திருமலையில் சுப்ரபாதத்துக்குப் பதில் ஆண்டாளின் திருப்பாவைதான், அதுவும் தமிழில். எங்கள் வீட்டில் அது அம்மாவின் செல்போனில் எம்.பி.3-யாக இருக்கிறது, விரலால் ஒரு தட்டு, பாடுகிறது. என் ஹை-ரெஸ்ஸைக் கேட்க விரும்புகிறவர்கள் பொங்கலுக்கு மேல் வாருங்கள். வரும்போது விண்டோஸ் 7-ஐப் பற்றி எதுவும் சொல்லாதீர்கள்.