81 நிமிடமும் மிச்சப் பதினைந்தும்

என் வீட்டு அலமாரியில் ஒரே படம் நான்கு நீளங்களில் இருக்கிறது. 81 நிமிடம் ஓடுவது ஒன்று, 88 நிமிடம் ஓடுவது ஒன்று, 96 நிமிடம் ஓடுவது ஒன்று, தொலைக்காட்சிக்கென்று தனியாக வெட்டி ஒட்டியது ஒன்று. வருகிற விருந்தாளிகள் யாரும் இதைப் பற்றிக் கேட்பதில்லை. கேட்டால் என்ன பதில் சொல்வது என்று மட்டும் நான் பல வருடங்களாகத் தயாராக இருக்கிறேன்.

படத்தின் பெயர் 'ஆர்மி ஆஃப் டார்க்னெஸ்'. சாம் ரைமி இயக்கிய 'ஈவில் டெட்' வரிசையில் மூன்றாவது. டெக் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்த்த தலைமுறைக்கு முதல் 'ஈவில் டெட்' தெரியாமல் இருக்காது. போர்வைக்குள் இருந்துகொண்டு பார்த்த படம் அது. இரண்டாவது படத்தில் பயத்தோடு சிரிப்பும் வந்தது. மூன்றாவதில் பயம் ஊருக்குப் போய்விட்டது, சிரிப்பு மட்டும் தங்கிவிட்டது. மிச்சிகனில் எஸ்-மார்ட் என்ற கடையில் வீட்டுச் சாமான் விற்கும் ஆஷ் என்பவன், வெட்டுப்பட்ட கையில் மரம் அறுக்கும் ரம்பத்தை மாட்டிக்கொண்டு, 1300ஆம் ஆண்டில் போய் விழுகிறான். திரும்பி வர ஒரு மந்திரப் புத்தகம் வேண்டும். அதைத் தொடுமுன் மூன்று சொற்களைப் பிசகாமல் சொல்ல வேண்டும். மூன்றாவது மறந்துபோகிறது. இருமுவதுபோல் பாவனை செய்து மழுப்புகிறான். கல்லறைகளிலிருந்து எலும்புக்கூட்டுப் படை கிளம்பி வருகிறது. அவ்வளவுதான் கதை. இதற்குத்தான் நான்கு வடிவம்.

தொண்ணூறுகளின் நடுவில் டெட்ராய்ட் பக்கம் வேலைக்கு வந்தவன் நான். கார் கம்பெனிகளை நம்பி வந்த தமிழ்ப் பையன்கள் ஒரு அபார்ட்மென்டைப் பிடித்து ஒன்றாகத் தங்குவோம். துவரம்பருப்பு, டெலிபோன் பில், வாடகை கேசட் எல்லாவற்றுக்கும் பங்கு. வெள்ளிக்கிழமை மாலை கேசட் எடுத்து வருவது என் பொறுப்பு. அந்தக் கடையில் இருந்த பையன் இந்தப் படத்தை எடுத்துக் கொடுத்தபோது, ஏதோ சொந்த அண்ணன் எடுத்த படம் மாதிரிப் பேசினான். அவன் பேசியதில் நியாயம் இருந்தது. ரைமியும் ஆஷாக நடித்த ப்ரூஸ் கேம்பெலும் பக்கத்து ராயல் ஓக்கில் பிறந்தவர்கள். க்ரோவ்ஸ் உயர்நிலைப் பள்ளியில் பழகி, சூப்பர்-8 கேமராவில் அடிதடிக் காமெடி எடுத்துத் திரிந்தவர்கள். முதல் 'ஈவில் டெட்'டுக்கு உள்ளூர்ப் பல் டாக்டர்களிடமும் வியாபாரிகளிடமும் கையேந்திப் பணம் திரட்டினார்கள். 1981இல் டெட்ராய்ட் ரெட்ஃபோர்ட் தியேட்டரில் அதை முதலில் திரையிட்டார்கள். ஊர்ப் பெருமை என்றால் இதுதான். கார்களைப் பற்றி அந்தப் பையன் ஒரு வார்த்தை பேசவில்லை.

கேசட் அட்டையில், பார்த்து முடித்ததும் ரீவைண்ட் செய்து தரும்படி ஒரு மஞ்சள் ஸ்டிக்கர். செய்யாவிட்டால் அபராதம். படம் பாதியைத் தாண்டியதும் திரையின் அடியில் வெள்ளைக் கோடு ஒன்று ஏறிவரும். டிராக்கிங் குமிழைத் திருகித் திருகி அதை விரட்ட வேண்டும். எங்கள் மதுரைக்கார நண்பன் அரைமணி நேரம் பேசாமல் பார்த்துவிட்டுச் சொன்னான்: "மச்சி, கவுண்டமணி செந்தில அடிப்பாருல்ல, இங்க ரெண்டு பேரையும் இந்த ஆளு ஒருத்தனே பண்றான்டா." ப்ரூஸ் கேம்பெலைப் பற்றி அதற்குப் பிறகு நான் படித்த எந்த விமர்சனமும் இதைத் தாண்டவில்லை.

அந்த டேப்பில் ஓர் இடம் மட்டும் மற்ற இடங்களைவிட அதிகமாகத் தேய்ந்து, படம் நடுங்கி, நிறம் வழிந்து கிடந்தது. ஆஷின் உடம்பிலிருந்து முளைத்துப் பிரிந்த கெட்ட ஆஷ், நல்ல ஆஷைச் சீண்டி ஆட்டம் போடுகிறான். நல்ல ஆஷ் அவன் முகத்துக்கு நேராகத் துப்பாக்கியை நீட்டிச் சுடுகிறான். சுட்டுவிட்டு, நல்லவனோ கெட்டவனோ, துப்பாக்கி யார் கையில் இருக்கிறது என்பதுதான் கணக்கு என்கிற அர்த்தத்தில் ஒரு வரி சொல்கிறான். எங்களுக்கு முன்னால் எடுத்துப்போனவர்கள் அத்தனை பேரும் அந்த இடத்தில் நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி பார்த்திருக்கிறார்கள். எங்கள் பங்குக்கு நாங்களும் தேய்த்தோம். ஊருக்கு எந்த இடம் பிடித்தது என்று அந்தக் காலத்து டேப்பே காட்டிக் கொடுத்துவிடும்.

நாங்கள் பார்த்தது முழுப் படம் என்றே நினைத்திருந்தோம். 81 நிமிடத்துக்கு மேல் ஒரு படத்தில் என்ன வேண்டும்? ரைமி முடித்துக் கொடுத்தது 96 நிமிடம் என்பது பிறகுதான் தெரிந்தது. அவருடைய முடிவு வேறு. ஊர் திரும்ப ஆஷுக்கு ஒரு மருந்து கொடுக்கிறார்கள். ஒரு சொட்டுக்கு ஒரு நூற்றாண்டுத் தூக்கம். குகைக்குள் உட்கார்ந்து எண்ணிக் குடிக்கிறவன் கவனம் சிதறி ஒரு சொட்டு கூடக் குடித்துவிடுகிறான். தாடியும் சடையுமாக எழுந்து வெளியே வந்தால் லண்டன் இடிபாடாகக் கிடக்கிறது, உலகமே முடிந்துவிட்டிருக்கிறது. படத்தை வெளியிட்ட யுனிவர்சல் ஸ்டுடியோக்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. ஆஷ் ஒழுங்காக எஸ்-மார்ட்டுக்கே திரும்பி வந்து, கடைக்குள் புகுந்த பேயைக் கடைச் சரக்கிலிருந்தே துப்பாக்கி எடுத்துச் சுட்டு, ஒரு பெண்ணுக்கு முத்தமும் கொடுக்கிற முடிவைப் புதிதாக எடுக்க வைத்தார்கள். மிச்சத்தையும் அங்கங்கே நறுக்கினார்கள். 1993 பிப்ரவரியில் அமெரிக்கத் தியேட்டர்களுக்கு வந்த படம் சுமார் 1.15 கோடி டாலர் வசூலித்தது. செலவும் ஏறக்குறைய அதுவே. தியேட்டரில் தேறாத படத்தைக் கரை சேர்த்தது வாடகைக் கேசட்.

கேசட் காலம் முடிந்து டிவிடி வந்தபோதுதான் இந்த நறுக்கலின் அருமை தெரிந்தது. ஒன்றும் வெட்டாத படத்தை ஒரு முறைதான் விற்க முடியும். பதினைந்து நிமிடம் வெட்டிய படத்தை ஆயுள் முழுக்க விற்கலாம். 1999இல் ஆங்கர் பே நிறுவனம் இரண்டு டிஸ்க் கொண்ட பெட்டி ஒன்றை வெளியிட்டது. 30,000 பிரதிதான், ஒவ்வொன்றிலும் வரிசை எண். ஒரு டிஸ்கில் தியேட்டர் வடிவம், மற்றதில் இயக்குநர் வடிவம். கைக்கு வந்த அன்று நான் படம் பார்க்கவில்லை, வரிசை எண்ணைப் பார்த்தேன். அதில் இருந்த சரக்கே பிறகு தனியாகவும், 'பூம்ஸ்டிக்' பதிப்பு என்ற பெயரில் ஜோடியாகவும், வரிசை எண் இல்லாமல் கடைக்கு வந்தது. பூம்ஸ்டிக் என்பது ஆஷ் தன் துப்பாக்கிக்கு வைத்த பெயர். 2009இல் யுனிவர்சல் ப்ளூ-ரேயில் கொண்டுவந்ததற்கு 'ஸ்க்ரூஹெட்' பதிப்பு என்று பெயர். ஒன்றும் தெரியாத பழங்கால மூடர்களே என்று ஊராரை அதட்ட ஆஷ் பயன்படுத்தும் சொல் அது. அந்தப் பெயரை அட்டையில் போட்டவர்கள் யாரை மனதில் வைத்துப் போட்டார்கள் என்று வாங்கின எங்களில் யாரும் யோசிக்கவில்லை. 2015இல் ஸ்க்ரீம் ஃபேக்டரி மூன்று டிஸ்கில் நான்கு வடிவத்தையும் ஒன்றாக அடைத்துக் கொடுத்தது. இனி இதில் விற்க ஒன்றும் இல்லை என்று நிம்மதியாக இருந்தேன்.

இடையில் லண்டனிலிருந்த மைத்துனர் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்துச் சொன்னார். அமெரிக்கப் பிரதியைவிட அவருடைய பிரதி எப்போதும் சில நிமிடம் முன்னதாக முடிந்துவிடுகிறதாம். பிரிட்டன்காரர்கள் வெட்டிவிட்டார்கள் என்று அவருக்குச் சந்தேகம். சினிமா நொடிக்கு 24 சட்டகம் ஓடுவது. அங்கே இருந்த பால் (PAL) முறை டிவி நொடிக்கு 25 காட்டுவது. அதனால் படம் நூற்றுக்கு நாலு வீதம் வேகமாக ஓடும், 96 நிமிடப் படம் 92இல் முடிந்துவிடும், எல்லார் குரலும் கொஞ்சம் கீச்சென்று கேட்கும். இதை விளக்கியதும் அவருக்கு ஏமாற்றமாகிவிட்டது. வெட்டியிருந்தால் இன்னொரு பதிப்பு வாங்க ஒரு காரணம் கிடைத்திருக்கும். ஊரிலிருந்த சித்தப்பா பையனுக்கு நான் அனுப்பிய டிஸ்க் இன்னொரு ரகம். அமெரிக்கா முதல் மண்டலம், இந்தியா ஐந்தாவது மண்டலம் என்று சொல்லி அவன் பிளேயர் அதைத் துப்பிவிட்டது. பேய்க்கு எல்லை கிடையாது, டிஸ்குக்கு உண்டு.

சரி, இவ்வளவு செலவழித்துச் சேர்த்த மிச்சப் பதினைந்து நிமிடத்தில் என்னதான் இருக்கிறது? காற்றாலைக் காட்சி கொஞ்சம் நீள்கிறது. உடைந்த கண்ணாடிச் சில்லிலிருந்து குதித்த விரற்கடை ஆஷ்கள் பெரிய ஆஷைக் கட்டிப்போட்டு வதைப்பது கூடுதலாக வருகிறது. சண்டைகள் வளர்கின்றன. பழைய டிஸ்கில் இந்தச் சேர்மானம் வரும்போதெல்லாம் படம் மங்கும். நல்ல பிரதி கிடைக்காமல் கிடைத்ததை ஒட்டியிருந்தார்கள். எது வெட்டுப்பட்டது, எது தப்பியது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம், ஏனென்றால் ஒலியும் மாறும். இயக்குநர் வடிவத்துக்குத் துணையாக ரைமி, கேம்பெல், கதையைச் சேர்ந்தெழுதிய ரைமியின் அண்ணன் ஐவன் மூவரும் பேசிய விளக்கவுரை உண்டு. ஐவன் தொழிலால் டாக்டர். இத்தனை அடிவாங்கும் படத்தை ஒரு டாக்டர் எழுதியிருக்கிறார் என்பதே அந்த டிஸ்கில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம்.

பெரிய நஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. கெட்ட ஆஷைச் சுடும் காட்சி வந்தது. துப்பாக்கி நீண்டது, வெடித்தது. ஊரே தேய்த்துப் பார்த்த அந்த வரி வரவில்லை. தான் அப்படியொன்றும் நல்லவன் இல்லை என்று ஆஷ் சாதுவாக ஏதோ சொல்லிவிட்டு நகர்ந்தான். இயக்குநரின் வடிவத்தில் அந்த வசனமே இல்லை. டி-ஷர்ட்டில் அச்சடித்துப் போட்டுக்கொள்கிறார்களே, ரசிகர்கள் சந்தித்தால் வணக்கத்துக்குப் பதிலாகச் சொல்லிக்கொள்கிறார்களே, அது ரைமியிடமிருந்து படத்தைப் பிடுங்கி நறுக்கிய ஸ்டுடியோவின் பிரதியில்தான் இருக்கிறது. கலைஞனை நசுக்கினார்கள் என்று இத்தனை வருடம் யாரைத் திட்டினோமோ, அவர்கள் கையால் வந்ததைத்தான் மனப்பாடம் செய்திருக்கிறோம்.

இப்போது எங்கள் வீட்டு டிவி சுவரின் பாதி அகலம். எலும்புக்கூட்டுப் படை கோட்டையைத் தாக்கும்போது எது ஆள் போட்ட வேஷம், எது பொம்மை, எது ஒவ்வொரு சட்டகமாக அசைத்து எடுத்தது என்று தனித்தனியாகத் தெரிகிறது. நடிகரையும் பின்னணியையும் கேமராவுக்குள்ளேயே இணைக்கும் இன்ட்ரோவிஷன் முறையில் எடுத்த இடங்களில் ஒட்டுப்போட்ட ஓரம் தெரிகிறது. தேய்ந்த டேப்பில் இதெல்லாம் இருட்டோடு இருட்டாகப் போயிருந்தது. அன்றைக்குப் படம் சரியாகத் தெரியவில்லை, நம்பினோம். இன்றைக்கு ஒவ்வொரு எலும்பும் தெரிகிறது, பொம்மையின் விலையை மதிப்பிடுகிறோம்.

போதாததற்கு, முதல் 'ஈவில் டெட்'டுக்கு ஆங்கர் பே வெளியிட்ட ரப்பர் அட்டைப் பதிப்பும் என்னிடம் உண்டு. படத்தில் வரும் மந்திரப் புத்தகத்தைச் செய்த டாம் சல்லிவனே வடிவமைத்தது. மனிதத் தோலை உரித்துப் போர்த்தியதுபோல் மூக்கும் வாயும் வைத்த அட்டை. முதலில் வீடு முழுக்க ரப்பர் நாற்றம் அடித்தது, இப்போது தொட்டால் பிசுபிசுக்கிறது. "இதக் கொண்டுபோய் கொலு பொம்மைப் பெட்டிக்குப் பக்கத்துல வெச்சிருக்கீங்களே, உங்களுக்கே நல்லாருக்கா?" என்று மனைவி கேட்டாள். கொலு பொம்மைகளும் வருடத்துக்கு ஒரு தடவைதான் வெளியே வருகின்றன என்று சொல்ல நினைத்து, சொல்லாமல் இடம் மாற்றி வைத்தேன்.

மகள் கல்லூரி விடுமுறைக்கு வந்தபோது படத்தைப் போடச் சொன்னாள். எதைப் போடுவது என்று நான் பெட்டிகளைப் பரப்பி, ஒவ்வொன்றின் சிறப்பையும் சொல்லத் தொடங்கினேன். "அப்பா, ஒரிஜினல் எதுவோ அதப் போடுங்க" என்றாள். நியாயமான கோரிக்கைதான். ஆனால் இந்தப் படங்களில் ஒரிஜினல் என்று எதைக் காட்டுவது? ஒவ்வொரு படமும் முந்தின படத்தின் கதைச் சுருக்கத்தோடு தொடங்குகிறது. இரண்டாவது படத்தில், முதல் படத்தின் காட்சிகளை எடுத்துப் போட உரிமை கையில் இல்லாததால் அதையும் புதிதாக எடுத்தார்கள். ஆஷின் காதலி லிண்டா முதல் படத்தில் பெட்சி பேக்கர், இரண்டாவதில் டெனிஸ் பிக்ஸ்லர், மூன்றாவதில் பிரிஜெட் ஃபோண்டா. பதிப்பு பதிப்பாக விற்பதை டிவிடி கம்பெனிகள் கண்டுபிடிக்கவில்லை. பிறவியிலேயே படத்துக்கு அந்தக் குணம் இருந்தது.

எந்த முடிவு உண்மையான முடிவு என்று ரசிகர்கள் இருபது வருடத்துக்கு மேல் அடித்துக்கொண்டார்கள். லண்டன் கட்சி, எஸ்-மார்ட் கட்சி. 2015இல் ப்ரூஸ் கேம்பெலை வைத்தே 'ஆஷ் வெர்சஸ் ஈவில் டெட்' என்ற தொடர் வந்தது. தீர்ப்பு வந்துவிடும் என்று நானும் உட்கார்ந்தேன். வயதான ஆஷ் மிச்சிகனில் ஒரு கடையில் வேலை பார்க்கிறான். கடையின் பெயர் வேல்யூ ஸ்டாப். மூன்றாவது படத்தின் உரிமை வேறு கையில் இருந்ததால் எஸ்-மார்ட் என்ற பெயரை அவர்கள் தொட முடியவில்லை. இயக்குநர் வடிவமா, ஸ்டுடியோ வடிவமா என்று நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, வக்கீல் வடிவம் ஒன்று சத்தமில்லாமல் வந்து ஜெயித்துவிட்டது.

மகளுக்கு 81 நிமிடத்தைத்தான் போட்டேன். வாங்குவதற்கு எது நல்லது என்று கேட்கிறவர்களுக்கும் அதையே சொல்கிறேன். பிடித்துப்போனால் மிச்சப் பதினைந்து நிமிடத்தைத் தேடிக்கொள்ளலாம். எனக்கு அதற்குப் பாதி ஆயுள் ஆனது. உங்களுக்கு நிதானமாக விற்பார்கள்.