கேப்டன் குக்கும் தடாகம் ரோடும்

1770-இல் கேப்டன் குக் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரைக்குப் போனார், கொடி நட்டார், எல்லாம் எங்க ராஜாவுக்கே என்றார். பல்லாயிரம் வருசமாகக் குடியிருந்தவர்கள் கணக்கிலேயே வரவில்லை. 'ஆளில்லாத பூமி' என்ற அந்தப் புளுகைத் தூக்கிப்போட அந்நாட்டு உயர் நீதிமன்றத்துக்கு 1992 வரை ஆனது.

எங்கள் கோவைப் பக்கத்துப் பெரியநாயக்கன்பாளையம் வனச்சரகத்து ஓரத்துக் குக்குகளுக்குக் கப்பல் எதற்கு? ஒரு பொக்லைன் போதும். கொடிக்குப் பதில் மஞ்சள் பெயின்ட் அடித்த கல். "சும்மா கெடக்குற பொட்டக்காடுங்க." கண்டுபிடிப்பு முடிந்தது!

தடாகம் பள்ளத்தாக்கில் இந்த மகான்கள் செம்மண்ணைக் கிணறு கிணறாகத் தோண்டினார்கள். செங்கல் சூளை எரிக்கப் பனையை வெட்டிக் குவித்தார்கள். பனஞ்சோறு என்றால் யானை மோப்பம் பிடித்து வரும். இலை போட்டு விருந்து வைத்துவிட்டு, வந்தவனைத் திருடன் என்று மனுக்கொடுத்தது நம்ம ஊர் மரியாதை. 2021-இல் சூளைகளுக்குப் பூட்டு விழுந்தது. குழிகளுக்கு யார் பூட்டுப் போடுவது?

மலையடிவாரத்தில் மனை போட்டு விற்கிற சைட்டுக்குப் பெயர் 'மவுன்டன் வியூ'. வியூவுக்குள் யானை வந்துவிட்டால் மட்டும் ஆத்திரம். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்திறங்கிய கற்பூர மரத்துக்கும் சீகைக்கும் நீலகிரியில் மலை மலையாக இடம் ஒதுக்கினோம். இங்கேயே பிறந்த யானைக்கு நடந்துபோக ஒரு தடம் இல்லை.

சின்னத்தம்பி என்று நாமே செல்லப் பெயர் வைத்த யானையை 2019 ஜனவரியில் மயக்க ஊசி போட்டு, பழக்கிய கும்கி யானைகளை விட்டு நெட்டி, லாரியில் ஏற்றினார்கள். தந்தம் உடைந்து ரத்தம் வழிந்ததை ஊரே செல்போனில் பார்த்து உச்சுக்கொட்டியது. டாப்சிலிப் காட்டில் விட்டார்கள். கழுத்தில் ரேடியோ காலரோடு உடுமலைப் பக்கம் இறங்கிவந்து கரும்புக்காட்டில் நின்றது. பிப்ரவரியில் மறுபடி பிடித்து வரகளியாறு கூண்டில் அடைத்தார்கள். இன்று அதுவும் ஒரு கும்கி; காட்டு யானைகளைப் பிடிக்கக் கூட்டிப்போகிறார்கள். ஆஸ்திரேலியாவிலும் பூர்வகுடிகளுக்கே சீருடை மாட்டி, துப்பாக்கி கொடுத்து, வேறு பூர்வகுடிகள் மேல் ஏவினார்கள். 'நேட்டிவ் போலீஸ்' என்று பெயர். வெள்ளைக்காரன் புத்தியை நாம் ஒன்றும் குறைத்துக் கற்றுக்கொள்ளவில்லை.

போன மாதம் மலையடிவாரத்தில் ஒரு புரோக்கர் எனக்கு சைட் காட்டினார். "யானையா? அதெல்லாம் அந்தக் காலமுங்க. இப்ப இந்தப் பக்கம் எட்டியே பாக்கறதில்லீங்க."

அவர் பைக் ஸ்டாண்டு ஊன்றியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் கிடந்த லத்தி இன்னும் காயவில்லை.