கடல் தாண்டிய உறுமி

கேள்வி: சினிமா வாய்ப்பு இல்லாமல், சொந்தமாகப் பாட்டுப் போட்டே உலக அளவில் பேர் வாங்க முடியுமா சார்?
– ஒரு கல்லூரி மாணவர், கோட்டைப்பட்டினம்

பதில்: முடியும் தம்பி. யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, 1986-இல் அகதியாக லண்டன் போன மாயா அருள்பிரகாசம் கல்லூரியில் படித்தது சினிமா. பாட்டை ஒரு தாளப்பெட்டியை வைத்துக்கொண்டு தானே கட்டினார். 'எம்.ஐ.ஏ.' என்ற பெயரில் 2005-இல் வந்த முதல் ஆல்பத்துக்கு அப்பா பெயர், 'அருளர்'. 2007-இல் வந்த அடுத்ததற்கு அம்மா பெயர், 'கலா'. அதற்காகச் சென்னைக்கே வந்து உறுமி அடிக்கவைத்துப் பதிவு செய்தார். லண்டன் கிளப்புகள் நம்ம உறுமிக்கு ஆடின! 2009-இல் இசையமைப்பாளர் ஏ.ஆர். ரஹ்மானோடு சேர்ந்து ஆஸ்கர் பரிந்துரை. உங்கள் புதுக்கோட்டைச் சீமையில் உறுமிக்கா பஞ்சம்? இன்றே போனில் பதிவு செய்யுங்கள். ஆல்பத்துக்கு அம்மா பெயரையே வையுங்கள், வீட்டில் எதிர்ப்பும் இருக்காது!