செம்புப் பூணில் களிம்பேறுதல்: ஒரு தத்துவ விசாரணை

கையால் அடித்த கத்திகள் சிலவற்றில், அலகும் பிடியும் சேருமிடத்தில் செம்புப் பூண் மாட்டியிருப்பார்கள். புதிதில் அது ரோஜா நிறம். சில வாரத்தில் பழுப்பு, பிறகு கருமை, ஆணித்தலையைச் சுற்றிய இடுக்கில் பச்சை. இந்த நிறமாற்றத்தை முன்னிட்டு அறிஞர் உலகம் மூன்றாகப் பிளந்து கிடக்கிறது.

முதற்பிரிவினர் புளிவாதிகள். பூணில் ஒரு நிழல் விழுந்தாலும் புளியும் உப்புமாக ஓடிவருவார்கள். புளியின் டார்டாரிக் அமிலம் ஆக்சைடைக் கரைக்கும் என்பது அவர்களுடைய பிரமாணம். அதற்கு மறுப்பில்லை. களிம்புவாதிகளோ, கைபட்டுப் பழுத்த நிறத்தைத் தேய்த்து எடுப்பது பாவம் என்பார்கள். மூன்றாமவர் அவசரவாதிகள். வேகவைத்த முட்டையோடு பூணை டப்பாவில் மூடிவைத்து, அதன் கந்தக ஆவியால் கறுக்க வைப்பார்கள். நீலப்பச்சை வேண்டுமானால் அம்மோனியா ஆவியும் உப்பும். 1886-இல் திறக்கப்பட்ட நியூயார்க் சுதந்திர தேவி சிலையின் செம்புத் தோல் பச்சையாகப் பல ஆண்டு பிடித்தது. இவர்களுக்கு ஒரு ராத்திரி போதும். போன வாரம் அடித்த கத்தி மறுநாள் காலையில் பாட்டன் சொத்தாகிவிடும். இப்பிரிவைக் கட்டுரையாளர் மதிப்பதில்லை.

மூலப் பிரச்சினை இன்னும் ஆழமானது. களிம்பு செம்புக்குள்ளேயே இருக்கிறதா, வெளியிலிருந்து வருகிறதா? உயிரோடு அநாதியாக ஒட்டிய ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்தம் செம்பில் களிம்பை உவமை சொல்லும். வேதியியலாரோ காற்றின் ஆக்சிஜன், வியர்வையின் குளோரைடு, வெங்காயம் பூண்டின் கந்தகம் என்று பழியை வெளியாள் மேல் போடுகிறார்கள். சமையலறைச் சான்று சித்தாந்திகள் பக்கமே நிற்கிறது: வெள்ளிக்கிழமை துலக்கிய பூண் அடுத்த வெள்ளிக்குள் மங்கியாயிற்று. ரசவாதிகளின் ரசகுளிகை பட்டால் களிம்பு அறவே நீங்கும் என்றும் அவர்கள் சொல்வதுண்டு. மளிகைக் கடையில் கேட்டால் புளிதான் தருகிறார்கள்.

இன்னொரு சான்றையும் விடுவதற்கில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிடிக்கும் இடம் தேய்ந்து பளபளக்கும். விரல் எட்டாத இடுக்கில்தான் பச்சை பூக்கும். பூண் முழுக்கப் பச்சை என்றால், அந்த வீட்டில் காய் நறுக்குவது வேறு கத்தி என்று துணியலாம்.

மூன்று தரப்பாருக்கும் ஒரு வேண்டுகோள். வாதம் முடிந்ததும் கத்தியைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து வையுங்கள். செம்பும் இரும்பும் ஒட்டிய இடத்தில் ஈரம் தங்கினால், செம்பு தப்பித்துக்கொள்ளும், துருப்பிடிப்பது அலகுதான்.