ஒரத்தநாட்டு வாசற்கோலத்தில் மயில் வாத்தாகும் முறை: ஓர் ஆய்வு

கோலப்பிழையாவது, போடுபவர் கருதியதும் கை போட்டதும் வேறுபடுவது. அது புள்ளிப்பிழை, கம்பிப்பிழை, மாவுப்பிழை, உருப்பிழை என நால்வகைப்படும். கோழி கிளறியது பிழையன்று, இடைச்செருகல்.

பிழைக்கு முற்பட்டது ஊக்கம். மார்கழிக் கோலத்தின் மூலபாடம் எதிர்வீட்டு வாசலே என்பது வடக்குத்தெரு மரபினர் துணிபு. தெற்குத்தெரு மரபினர் கோலநோட்டே மூலம் என்பர் (எண்ணெய்க்கறை படிந்த பக்கம் காண்க). எதிர்வீட்டைப் பார்த்துப் போட்டதாக ஒப்புக்கொண்டவர் இருசாராரிலும் இலர்.

புள்ளிப்பிழை என்பது 15 புள்ளி வரிசை ஒன்றில் 16 விழுவது. மிகுந்த புள்ளியைச் சுற்றிப் பூ போட்டால் தீர்ந்தது.

சிக்குக்கோலத்தில் கம்பி எல்லாப் புள்ளியையும் வளைத்து, தொடங்கிய இடத்துக்கே திரும்ப வேண்டும். கடக்க வேண்டிய இடத்தில் கை திரும்பிவிட்டால் ஒரே கம்பி இரண்டாகிவிடக்கூடும். அப்போது அது முதலிலிருந்தே இரட்டைக் கம்பிக் கோலம் என்று அறிவிக்கப்படும். கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி முதலியோர் 1974இல் கோலத்தைக் கணினியியல் இலக்கணம் ஒன்றில் அடக்கிக் கட்டுரை வெளியிட்டனர். அதில் கம்பிக்கு விதி உண்டு. பால்காரர் மணியடித்ததும் கை அசைவதற்கு விதி இல்லை.

மாவில் அரிசிமாவு மிகுந்தால் எறும்பு மொய்க்கும், அது அறம்.

இனி உருப்பிழை. மயிலாகத் தொடங்கியது வாத்தாக முடிவதே இதன் தலையாய வடிவம். சூழலியலார் கூறுவது: அறுத்த வயலில் வாத்து மந்தை மேய்வது டெல்டா வழக்கம், ஆதலால் வாத்து டெல்டாக்காரர் ஆழ்மனத்தில் உறைகிறது. சம்பா அறுப்பு தையில் அல்லவா, கோலம் மார்கழியில் ஆயிற்றே என்ற தடையை, மனம் முந்திக்கொண்டது என்னும் அடிக்குறிப்பு நீக்குகிறது. உரைமரபினர் நச்சினார்க்கினியர் வழியில் கொண்டுகூட்டி, வாலைக் கழுத்தாகவும் கழுத்தை வாலாகவும் கொண்டு மயிலை மீட்பர். நச்சினார்க்கினியர் இவ்வளவு தூரம் போனதில்லை. முனைவர் பட்ட ஏடுகள் போகும். வரலாற்றாரோ, இரண்டாம் சரபோஜி கட்டிய முத்தம்பாள் சத்திரம் இவ்வூரில் இருப்பதால் வாத்து மராத்தியத் தாக்கமே என்பர். சத்திரத்துக்கும் வாத்துக்கும் உள்ள தொடர்பு விரிப்பின் பெருகும், நல்கையும் வேண்டும்.

கழுத்துக்கு வரும்போது கொட்டாங்கச்சியில் மாவு தீர்ந்துவிட்டது என்பது கோலம் போட்டவர் கூற்று. தகவலாளி சொன்னது ஆகையால் இது பின்னிணைப்புக்குத் தள்ளப்படும்.

வாத்தான பின் அழிப்பதில்லை. தோகை வளைவுகள் அலையாகும், தோகைக் கண்கள் தாமரையாகும். நீலப்பொடி தூவினால் குளம். மறுநாள் எதிர்வீட்டில் மயில் என்னும் இடைநிலையே இன்றி நேராக வாத்து இடப்படும். மூன்றாம் நாள் தெருவெங்கும் வாத்து. அதன்பின் அது கோலநோட்டில் ‘குளத்து வாத்து, 15 புள்ளி’ என ஏறும். மயில் பாடபேதமாகக் கொள்ளப்படும்.