யாரும் பிடிக்காத சிம்பல்

கிராஷ் சிம்பலை அடித்தால் ஓசை விரிந்து பரவி, மெல்ல அடங்க வேண்டும். பேத்தி அடித்தபோது ‘டிஷ்’ என்று எழுந்து அந்த இடத்திலேயே நின்றது. மறுபடி ஓங்கி அடித்தாள். மறுபடியும் அதேதான். அடித்த நொடியிலேயே யாரோ விளிம்பை இறுக்கிப் பிடித்துவிட்டதைப் போல. பக்கத்தில் யாருமில்லை.

“தாத்தா, நீங்க டிரம்மர்தானே? என்னன்னு பாருங்களேன்.”

டிரம்மர்தான். 1983-இல் தொடங்கி 17 வருடம் மதுரைப் பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவில் வாசித்தவன். பங்குனி பிறந்தால் ஆடி முடியும்வரை ஊர் ஊராகத் திருவிழாக் கச்சேரி. இரவு 10 மணிக்குப் பக்திப் பாட்டில் ஆரம்பித்தால், 3 மணிக்கு மேல்தான் மூட்டை கட்டுவோம். மேடை பெரும்பாலும் சவுக்குக் கம்பும் பலகையும் சேர்த்துக் கட்டியது. நான் மிதிக்க மிதிக்க பேஸ் டிரம் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். அதைத் தடுக்க ஒரு ரீப்பர் கட்டையைக் குறுக்கே ஆணியடித்து வைப்போம். மைக் செட்காரர் கொண்டுவரும் மைக்குகளில் பாடகர்களுக்கும் தபேலாவுக்கும் போக மிச்சம் இருந்தால்தான் டிரம்ஸுக்கு ஒன்று. பல ஊர்களில் மிச்சம் இருக்காது. தெருக்கோடித் திண்ணையில் உட்கார்ந்திருப்பவருக்கும் என் அடி கேட்க வேண்டுமென்றால் அது தோளிலிருந்து வந்தாக வேண்டும். கேட்கவைப்பதுதான் அன்றைக்கு என் வேலை.

இன்றைக்கு, சென்னையில் மகள் வீட்டு மூன்றாம் மாடியில், எதைக் கேட்கக் கூடாது என்று ஒரு சின்னப் பெட்டிக்குச் சொல்லிக்கொடுப்பதில் என் சாயங்காலங்கள் போகின்றன.

அன்றைய சிம்பலைச் சொல்லாமல் இன்றையதைச் சொல்ல முடியாது. உயர்ந்த சிம்பல் பெரும்பாலும் 100-க்கு 80 பங்கு செம்பும் 20 பங்கு வெள்ளீயமும் கலந்த வெண்கலம். அதற்குப் பேர்போன ஸில்ஜியான் குடும்பத்தின் பட்டறை 1623-இல் கான்ஸ்டான்டிநோபிளில் தொடங்கியது. அந்தப் பெயர் பொறித்த சிம்பலைச் சென்னையில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரே ஒரு முறை தொட்டுப் பார்த்திருக்கிறேன். எங்களிடம் இருந்தவை மீரட்டில் செய்த பித்தளைச் சிம்பல்கள். கல்யாண பேண்டு வாத்தியங்களுக்குப் பேர்போன ஊர் அது. பித்தளையின் ஓசை கொஞ்சம் தடித்தது; வெண்கலம் அளவுக்கு விரியாது. ஆனாலும் அது என் சிம்பல். கச்சேரி முடிந்ததும் பனி ஈரம் போகத் துடைத்து, பழைய கம்பளியில் சுற்றித்தான் வண்டியில் ஏற்றுவேன்.

மூன்றாம் வருடம் அதன் விளிம்பில் நகம் நீளத்துக்கு ஒரு விரிசல் விழுந்தது. எனக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை. டிரம்ஸ் சொல்லிக்கொடுத்த வாத்தியார் சிம்பலை மடியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவி, விரிசல் எங்கே முடிகிறது என்று கண்டுபிடித்தார். மறுநாள் லேத் பட்டறையில் அந்த முனையில் சரியாக ஒரு சின்ன ஓட்டை போடச் சொன்னார்.

“ஓட்டை போட்டா இன்னும் கெட்டுப்போகாதா வாத்தியாரே?”

“முனை கூரா இருக்கிற வரைக்கும்தான்டா அது ஓடும். ரவுண்டைக் கண்டா நின்னுரும்.”

கூரான முனையில் குவிகிற இழுப்பு, வட்டத்தில் சுற்றிலும் பரவிவிடும் என்பதை நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அவர் படிக்கவில்லை, விரலுக்குத் தெரிந்திருந்தது. அந்தச் சிம்பல் அதன்பின் 10 வருடம் உழைத்தது.

அந்தக் காலத்துக் கோளாறுகள் எல்லாமே கைக்கும் காதுக்கும் எட்டினவை. பெடல் ஸ்பிரிங் அறுந்தால் சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டினோம். ஸ்னேர் டிரம் சும்மா இருக்கும்போதே கரகரத்தால், அடியில் உள்ள கம்பிச்சரத்தைத் திருகி இறுக்கினோம்.

பிறகு ஆக்டோபேட் வந்தது. ரோலண்டு நிறுவனம் அதன் முதல் மாடலை 1985-இல் வெளியிட்டது. எங்கள் பக்கத்து மேடைகளுக்கு வந்துசேரக் கொஞ்சம் காலமானது. ஒரு பலகையில் எட்டு ரப்பர் சதுரங்கள். முதல் மாடலுக்குச் சொந்தக் குரலே கிடையாது. மிடி கம்பி வழியாக வேறொரு பெட்டியைத்தான் அது பேசவைக்கும். பின்னாளில் வந்தவற்றின் உள்ளேயே ஓசைகள் இருந்தன. பக்கத்தில் உட்கார்ந்த பையன் அதே இரண்டு குச்சியால் தவிலையும் கைதட்டலையும் கண்ணாடி உடைவதையும் எழுப்பியபோது, கூட்டம் என்னை விட்டுவிட்டு அவனைப் பார்த்தது. எனக்கு வலித்தது. ஒரு சூட்கேஸில் அடங்கும் பேட் இருக்கும்போது, வேனில் பாதி இடத்தை அடைக்கும் டிரம் செட் எதற்கு என்று குழுவில் பேச்சு வந்தது. 2000-த்தில் நான் நின்றுகொண்டேன்.

அந்த ரப்பர் சதுரத்தின் வம்சம்தான் இப்போது மகள் வீட்டுக் கூடத்தில் சிம்பல் வடிவில் தொங்குகிறது. அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்ட நாளில் என் பழைய வருத்தம் பாதி கரைந்தது. ரப்பருக்கு அடியில் பித்தளைத் தகட்டில் ஒட்டிய ஒரு பீங்கான் வில்லை. அதிர்ந்தால் சிறு மின்சாரம் பிறக்கும். அழுத்தம் பட்டால் சில படிகங்களில் மின்சாரம் தோன்றும் என்று க்யூரி சகோதரர்கள் 1880-இல் கண்டதே இதற்கு அடிப்படை. பெட்டி அந்த மின்சாரத்தை அளந்து, 1 முதல் 127 வரை ஓர் எண்ணாக்கி, அந்த எண்ணுக்கு ஏற்ற ஓசையை எழுப்புகிறது. விளிம்பில் மட்டும் வேறு ஏற்பாடு: ரப்பருக்குள் மறைந்த ஒரு ஸ்விட்ச். அடி விளிம்பில் பட்டால் வில்லையும் ஸ்விட்சும் சேர்ந்து செய்தி சொல்லும், கிராஷ் ஓசை வரும். அடிக்காமல் விளிம்பை விரலால் கவ்வினால் ஸ்விட்ச் மட்டும் மூடும். ‘கை பிடித்துவிட்டது’ என்று புரிந்துகொண்டு பெட்டி ஓசையை அறுத்துவிடும்.

இது தெரிந்த பிறகும், நின்றுபோகிற கிராஷுக்காக இரண்டு சாயங்காலம் பெட்டியின் திரையையே மேய்ந்தேன். சென்சிடிவிட்டியை ஏற்றினேன், ‘டிஷ்’ இன்னும் பலமாக வந்து நின்றது. ஓசையை மாற்றினேன். பேட் வகையை மாற்றினேன். மூன்றாம் நாள்தான் கம்பியைப் பார்த்தேன். பழைய கம்பி பிய்ந்துபோனதால் வீட்டில் கிடந்த கித்தார் கம்பியை மாட்டியிருந்தோம். கித்தார் பிளக்கின் நுனியில் ஒரே ஒரு கறுப்பு வளையம். சிம்பலுக்கு வேண்டிய ஸ்டீரியோ பிளக்கில் இரண்டு. வில்லைக்கு ஒரு தடம், ஸ்விட்சுக்கு ஒரு தடம், இரண்டுக்கும் பொதுவாக ஒன்று. ஒற்றை வளையப் பிளக்கைச் செருகினால் ஸ்விட்சின் தடமும் பொதுத் தடமும் ஒன்றையொன்று தொட்டபடியே இருக்கும். விளிம்பை யாரோ விடாமல் பிடித்திருக்கிறார்கள் என்றே பெட்டி நினைத்தது. அதன் மேல் தவறில்லை. ரிச்சி தெருவில் ஸ்டீரியோ கம்பி வாங்கிவந்து மாட்டியதும் கிராஷ் விரிந்து அடங்கியது. பேத்தி கைதட்டினாள்.

அடுத்த கோளாறு இதற்கு நேர்மாறு. டாம் பேடைப் பலமாக அடித்தால் யாரும் தொடாத கிராஷ் மெல்ல முனகியது. எல்லாம் ஒரே இரும்புச் சட்டத்தில் மாட்டியிருப்பதால் ஓர் அடியின் அதிர்வு குழாய் வழியாக ஓடிப் பக்கத்து வில்லையையும் உலுக்கிவிடுகிறது. கிராஸ்டாக் என்கிறார்கள். பெட்டியில் இதற்கு அமைப்பு உண்டு. திரெஷோல்டு என்ற வாசல் எண்ணை ஏற்றினாலும் முனகல் போய்விடும். இங்கேதான் நான் பிடிவாதமாக இருக்கிறேன். பேடுக்குப் பேடு வாசலை உயர்த்திக்கொண்டே போனால் முனகலோடு மெல்லிய அடியும் வெளியே நின்றுவிடும். ஸ்னேரில் இரண்டு பெரிய அடிகளுக்கு நடுவே குச்சி சும்மா பட்டு விழுகிற கோஸ்ட் நோட், ரைடு சிம்பலை வருடிப் போகிற தட்டல், இவையெல்லாம் 127-இல் பத்து இருபதுக்குள் வாழ்பவை. பாட்டு மூச்சுவிடுவது அவற்றில்தான். தெருக்கோடிக்குக் கேட்க வேண்டுமே என்று 17 வருடம் அவற்றை நான் வாசிக்கவே முடிந்ததில்லை. ஹெட்போனுக்குள் அது பேத்திக்கு வாய்த்திருக்கிறது. ஒரு முனகலுக்குப் பயந்து அதைப் பறிக்க எனக்கு மனம் வராது.

அதனால் திரையைத் தொடாமல் ஸ்பானரை எடுத்தேன். சிம்பல் கையைப் பிடிக்கும் கிளாம்பு தளர்ந்திருந்தது, இறுக்கினேன். மேலே திருகுமரை ஃபெல்ட் வளையத்தை நசுக்கிக்கொண்டிருந்தது, அரைச்சுற்றுத் தளர்த்தினேன். பித்தளைச் சிம்பலுக்கும் வாத்தியார் இதையேதான் சொல்வார்: ஆடவிடு, அலையவிடாதே. ரப்பர் சிம்பல் சுழலவும் கூடாது. பலவற்றில் விளிம்பு ஸ்விட்ச் வாசிப்பவர் பக்கம் மட்டும்தான் இருக்கிறது. சுழன்றுவிட்டால் நாம் அடிப்பது வெறும் ரப்பரை. டாமுக்கும் கிராஷுக்கும் நடுவே ஒரு சாண் தள்ளிவைத்தேன். முக்கால்வாசி முனகல் அதிலேயே போயிற்று. மீதிக்குத்தான் கிராஸ்டாக் எண்ணை இரண்டு படி ஏற்றினேன். திருகு, கம்பி, பேட் வகை, கடைசியில் எண்: இந்த வரிசையை மாற்றினால் ஒரு கோளாறை இன்னொன்றால் மூடிவிடுவோம் என்று பேத்திக்கு எழுதி ஒட்டியிருக்கிறேன்.

கீழ்வீட்டுக்கு கிக் பெடலின் அதிர்வு இறங்கியதற்கு, இரண்டு பிளைவுட் பலகைகளுக்கு நடுவே டென்னிஸ் பந்துகளைப் பதித்து மேடை செய்தேன். ஊர் முழுக்கக் கேட்க மிதித்த கால்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை பரணிலிருந்து அந்தக் கம்பளிச் சுருணையை இறக்கினேன். உள்ளே என் சிம்பல் பச்சை பூத்திருந்தது. பேத்தி ஓட்டை வழியாக என்னைப் பார்த்தாள். மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்த் துணிக்கொடியில் கயிறு கட்டித் தொங்கவிட்டோம். ஓங்கி அடித்தாள். புறாக்கள் எழுந்தன. பித்தளை கத்திக்கொண்டே இருந்தது. பெட்டி இல்லை, குறைக்கத் திருகும் இல்லை. ஒரு கணம் திகைத்தவள், ரப்பரில் பழகிய அதே விரல்களால் விளிம்பைக் கவ்வினாள்.

நின்றது. உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். “கூசுது தாத்தா,” என்றாள். மறுபடி அடித்தாள். இந்தமுறை பிடிக்கவில்லை.